நாத்திகம்: ஒரு சொல்லின் பொருள் வரலாறு

நாத்திகன் என்பான் கடவுளை மறுப்பவன் என்பது இன்று பலரும் ஐயமின்றிக் கொள்ளும் பொருளாகும். ஆயின் இச்சொல்லின் பழைய ஆட்சியை நோக்குமிடத்து, அதன் வரையறையில் கடவுள் இடம்பெறவே இல்லை என்பது புலனாகும். ‘உண்டு’ எனப் பொருள்படும் ‘அஸ்தி’ என்னும் வடசொல்லினடியாக ஆத்திகமும், ‘இல்லை’ எனப் பொருள்படும் ‘நாஸ்தி’ என்பதனடியாக நாத்திகமும் பிறந்தன. பாணினியின் இலக்கணம் இவற்றின் ஆக்கத்துக்கு விதி கூறும். உண்டென்றும் இல்லையென்றும் சொல்லப்படுவது யாது? மறுவுலகம் என்பது உரையாசிரியர் கொண்ட விடை. மனுநூலோ வேதத்தை இகழ்பவனே நாத்திகன் என்றது. அளவுகோல்கள் இரண்டு, இரண்டிலும் இறைவன் இல்லை.

இதன் விளைவு வியப்புக்குரியது. வேதம் எவராலும் ஆக்கப்படாதது என்ற மீமாஞ்சகருக்கு, உலகைப் படைக்கும் ஈசுவரன் வேண்டப்படவில்லை. குமாரிலர் அத்தகைய படைப்போனை மறுத்து விரிவாகவே வாதிட்டார். சாங்கியகாரிகையும் ஈசுவரனின்றியே உலகத் தோற்றத்தை விளக்கிற்று. இவ்விரண்டும் ஆத்திக தரிசனங்கள் ஆறனுள் வைத்து எண்ணப்பட்டன. வினைப்பயனும் மறுபிறப்பும் உண்டென்ற பௌத்தரும் சமணருமோ நாத்திகராயினர். சமணரான ஹரிபத்திரர் இதற்கு உடன்படவில்லை. அவரது ‘ஷட்தர்சன சமுச்சயம்’ அவ்விரு சமயத்தாரையும் ஆத்திகருள் அடக்கி, உலோகாயதரை மட்டும் புறத்தே நிறுத்திற்று. கோட்டை வரைந்தவர் எவரும் தம்மை அதற்கு உள்ளேயே வைத்துக்கொண்டனர்!

தமிழ்ச் சைவ மரபிலும் இதன் சாயல் உண்டு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிவஞானசித்தியார் பரபக்கம் உலோகாயதத்தை முதற்கண் மறுத்துப் பின்னர் பௌத்தம், சமணம், மீமாஞ்சை, நிரீச்சுர சாங்கியம் முதலியவற்றையும் மறுக்கின்றது. ஆனால் சமயங்களை வகைப்படுத்துமிடத்து, மீமாஞ்சையும் சாங்கியமும் புறச்சமயம் என்றும், பௌத்தமும் சமணமும் உலோகாயதத்தோடு புறப்புறச்சமயம் என்றும் கொள்ளப்பட்டன. பதியை முதற்பொருளாகக் கொண்டோரும், பதியை வேண்டாத மீமாஞ்சையைத் தமக்குச் சற்று அண்மையில் வைத்தமை சிந்தித்தற்குரியது. வேதம் என்னும் பழைய அளவுகோல் அங்கும் நின்று தொழிற்பட்டது.

மேலைநாட்டிலும் இது பிறரால் சூட்டப்பட்ட பெயரே. அரசின் தெய்வங்களை வணங்காத ஆதிக் கிறித்தவரை உரோமர் நாத்திகர் என்றனர். அத்தெய்வங்களைப் பொறுத்தவரை அது மெய்யே என 2ஆம் நூற்றாண்டில் யுஸ்தீன் ஒப்புக்கொண்டமை கருதத்தக்கது.

இப்பெயரைத் தாமே விரும்பி ஏற்றல் பிற்கால நிகழ்ச்சியாகும். தமிழில், 1882 முதல் 1888 வரை சென்னை இலௌகிக சங்கத்தார் நடத்திய ‘தத்துவ விவேசினி’ அதற்குக் களம் அமைத்தது. 1925இல் தோன்றிய சுயமரியாதை இயக்கம் அச்சொல்லை ஊர்தோறும் கொண்டு சென்றது. அக்காலத்துக்குள் மறுவுலகமும் வேதமும் வரையறையிலிருந்து பின்தள்ளப்பட்டு, கடவுள் மறுப்பே முன்னின்றது. எனினும் சென்னைக் குழுவினர் பெரிதும் மதித்த இங்கிலாந்தின் சார்ள்ஸ் பிராட்லா, கடவுள் இல்லையென்று தாம் கூறவில்லை என்றே 1864இல் எழுதினார். அச்சொல்லால் ஆத்திகர் குறிப்பது யாதென்பது தமக்கு விளங்கவில்லை என்பதே அவர் நிலை. இவ்வாறு வரையறுக்கும் பொறுப்பு மீண்டும் ஆத்திகரிடமே சென்றது.