பிடித்துவிடும் கைகள் – ஜெர்மனியில் மசாஜ் வந்த கதை

மசாஜ் என்றாலே நம்மாட்களுக்கு ரெண்டு படம்தான் மனசில் ஓடும். ஒன்று, தாய்லாந்து போய்வந்த நண்பனின் அசட்டுச் சிரிப்பு. இன்னொன்று, கேரளாவில் மரக்கட்டிலில் எண்ணெய் வழியப் படுத்திருக்கும் வெள்ளைக்காரர். ஜெர்மனிக்கு வந்தபிறகு எனக்கு மூணாவதாக ஒரு படம் கிடைத்தது: டாக்டர் சீட்டு. இங்கே எலும்பு டாக்டர் முதுகைப் பார்த்துவிட்டு "கிளாசிக் மசாஜ், ஆறு தடவை" என்று எழுதிக் கொடுப்பார். சீட்டோடு பிசியோதெரபி நிலையத்துக்குப் போனால் ஒவ்வொரு தடவையும் 15-20 நிமிஷம் பிடித்துவிடுவார்கள். செலவில் 10 சதவீதமும், சீட்டுக்கு 10 யூரோவும் நம்ம கைக்காசு. மீதி அரசு மருத்துவக் காப்பீட்டின் பொறுப்பு. (ஸ்பாவில் மெழுகுவத்தி ஏத்திவைத்துச் செய்வதற்கெல்லாம் காப்பீடு கிடையாது மக்களே, ஆசைப்படாதீங்க :-))

உடம்பு பிடித்துவிடுவது எப்படி டாக்டர் சீட்டுக்குள் வந்தது என்று நூலகத்தில் கொஞ்சம் கிளறினேன். கிடைத்தது மருத்துவ வரலாறு மட்டும் இல்லை. யாருடைய கைக்கு மரியாதை, யாருடைய கைக்கு இல்லை என்கிற வரலாறும் கூடவே வந்தது.

பாடர் என்றொரு சாதி

சாதி என்று சொன்னது கொஞ்சம் மிகைதான். ஆனால் படித்துப் பாருங்கள். மத்திய கால ஜெர்மன் ஊர்களில் பொதுக் குளியல் வீடுகள் இருந்தன. அவற்றை நடத்தியவர் பெயர் பாடர். வெந்நீர் வைப்பது, உடம்பு தேய்த்துவிடுவது, முடி வெட்டுவது, ரத்தம் குத்தி எடுப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது எல்லாம் அவர் வேலை. பல்கலைக்கழகத்தில் படித்த டாக்டர் ஏழைபாழைகளின் உடம்பைத் தொடாத காலத்தில், ஊருக்கு வைத்தியர் இவர்தான்.

அவருக்குக் கிடைத்த மரியாதை? பல ஊர்களில் "மானமற்ற தொழில்" பட்டியலில் பாடரும் இருந்தார். பாடர் மகனை மற்ற தொழிற்சங்கங்கள் சேர்த்துக்கொள்ளாது. 1548-ல் பேரரசின் சட்டம், பாடர், நாவிதர், நெசவாளர், ஆடு மேய்ப்பவர் பிள்ளைகளை ஒதுக்கக்கூடாது என்றது. யாரும் கேட்கவில்லை போல, 1577-ல் மறுபடி சொன்னார்கள். 1731-ல் இன்னொரு சட்டம் போட்டு இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஒரே விஷயத்தை 180 வருஷத்தில் மூணு தடவை சட்டமாகச் சொன்னார்கள் என்றால், சங்கங்கள் எவ்வளவு அழுத்தமாக இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளாசிக் மசாஜ்

நாம் "ஸ்வீடிஷ் மசாஜ்" என்று சொல்வதை இங்கே கிளாசிக் மசாஜ் என்கிறார்கள். ஸ்வீடன் பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் பேர் ஹென்ரிக் லிங். 1813-ல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கியவர். ஆனால் இன்றைக்கு எல்லோரும் செய்யும் தடவுதல், பிசைதல், அழுத்தித் தேய்த்தல், தட்டுதல் என்ற வகைப்பாட்டைப் பரப்பியது ஆம்ஸ்டர்டாம் டாக்டர் யோஹான் கியோர்க் மெட்ஸ்கர். சுளுக்கிய காலைத் தேய்த்துக் குணப்படுத்துவது பற்றித்தான் 1868-ல் அவர் டாக்டர் பட்ட ஆய்வே எழுதினார்! (நம்ம ஊரில் சுளுக்கு எடுப்பவருக்கு யாராவது பிஎச்டி கொடுத்திருக்கிறார்களா?) ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் உட்பட பெரிய இடத்து ஆட்கள் அவரிடம் வந்தார்கள். பிறகு ஜெர்மனியின் வீஸ்பாடனிலும் வைத்தியம் பார்த்தார்.

வூர்ட்ஸ்பூர்க் எலும்பு மருத்துவர் ஆல்பர்ட் ஹோஃபா 1893-ல் "மசாஜ் நுட்பம்" என்ற நூலை வெளியிட்டார். எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதன் போக்கில் கை எப்படிப் போகவேண்டும் என்று உடற்கூறியலோடு சேர்த்து எழுதினார். குளியல் வீட்டுக் கைவேலை பாடப்புத்தகமானது இப்படித்தான்.

இதனால் என்ன பலன்? இறுகிய தசை தளரும், வலி கொஞ்ச நாளைக்குக் குறையும், நல்ல தூக்கம் வரும். அதற்குமேல் அளக்கக்கூடாது. இடுப்பு வலிக்கு மசாஜ் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2015 காக்ரேன் அறிக்கை, பலன் குறுகிய காலத்துக்குத்தான், ஆதாரமும் பலவீனம்தான் என்கிறது. 2017-ல் வந்த ஜெர்மன் வழிகாட்டுதலும், நாள்பட்ட முதுகு வலிக்கு உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்யலாம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது. சும்மா படுத்துக்கிடந்தால் போதாது!

தன் காலைத் தானே காப்பாற்றிய எலிசபெத் டிக்க

எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தக் கதைதான். எலிசபெத் டிக்க ஒரு பிசியோதெரபிஸ்ட். 1929-ல் அவருடைய வலது காலில் ரத்த ஓட்டம் கெட்டு, காலை எடுக்கவேண்டிவரும் என்ற நிலை. மாதக்கணக்கில் படுக்கை. முதுகு வலி தாங்காமல் இடுப்புக்குக் கீழே தானே தடவிப் பார்த்தபோது, அங்கே தோலுக்கடியில் ஒரு இறுக்கம் தட்டுப்பட்டது. விரல் நுனியால் அதை இழுத்து இழுத்துத் தேய்க்க, காலில் சூடு பரவியது, ஊறல் எடுத்தது. தோழி ஒருவரை வைத்துத் தொடர்ந்து செய்தார். கால் தப்பியது.

இதுதான் இணைப்புத்திசு மசாஜ். எண்ணெய் கிடையாது. விரல் நுனியைத் தோலில் கொக்கி மாதிரி மாட்டி இழுப்பார்கள். கீறுவது போல இருக்கும். உள்ளுறுப்பில் கோளாறு இருந்தால் தோலின் குறிப்பிட்ட பகுதிகளில் அது தெரியும் என்று ஹென்றி ஹெட் என்ற ஆங்கில நரம்பியல் மருத்துவர் 1890களிலேயே எழுதியிருந்தார். டிக்கவின் விரல் கண்டதை அதோடு இணைத்துப் பார்த்தார்கள். நான் படிக்கும் இதே ஃப்ரைபுர்க்கில் ஹெடே லொய்பெ என்ற மருத்துவர் அவரோடு சேர்ந்து சோதித்துப் பார்த்தார். 1942-ல் இருவர் பெயரிலும் நூல் வந்தது. விளக்கம் எவ்வளவு சரி என்பது இன்றும் வாதத்துக்குரியது. ஆனால் ஒரு நோயாளிப் பெண்ணின் விரல் சொன்னதை உட்கார்ந்து கேட்க ஒரு டாக்டர் இருந்தார் பாருங்கள், அது பெரிய விஷயம்.

நிணநீர்

டென்மார்க்கின் எமில் ஃபோடர், மனைவி எஸ்ட்ரிட்டுடன் பிரான்ஸில் வேலை செய்தவர். தீராத சளியோடு வந்தவர்களின் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. அதைத் தொடவே கூடாது என்று டாக்டர்கள் சொன்ன காலத்தில், பூப்போல வட்டமாகத் தடவிப் பார்த்தார். 1936-ல் பாரிஸில் இந்த முறையை அறிவித்தார். டாக்டர்கள் கண்டுகொள்ளவில்லை. 1960களில் எஸ்ஸன் நகர டாக்டர் யோஹானஸ் அஸ்டோங்க் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தபிறகுதான் கதவு திறந்தது. 1970களில் ஜெர்மன் காப்பீட்டுக்குள் வந்தது.

மார்பகப் புற்று அறுவைக்குப் பிறகு கை வீங்கும் பெண்களுக்கு இது கைகண்ட உதவி. ஆனால் தடவுவது பாதிதான். அழுத்தக் கட்டு, தோல் பராமரிப்பு, பயிற்சி எல்லாம் சேரவேண்டும். நம்ம ஊர் யானைக்கால் வீக்கமும் நிணநீர் வீக்கம்தான் என்பதை நினைவில் வையுங்கள். (ரத்தக்கட்டு, காய்ச்சலோடு கூடிய தொற்று, இதயக் கோளாறு இருந்தால் இதைச் செய்யக்கூடாது.)

சரி, நம்ம ஊர்?

சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. மெட்ஸ்கர் பட்டியலை விட நீளம்! 1964-ல் தொடங்கிய பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியிலும், 2005-ல் திறந்த தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் இது இருக்கிறது. ஏட்டுக்கு மரியாதை கிடைத்துவிட்டது. சந்தோஷம்.

கைக்கு? முடி வெட்டுவது, கட்டி கீறுவது, பேறுகாலம் பார்ப்பது, உடம்பு பிடிப்பது எல்லாம் செய்த சமூகம் மருத்துவர் என்றே தன்னை அழைத்துக்கொள்கிறது. அதே சமூகத்தின் இன்னொரு பெயரை நாம் வசவாக வைத்திருக்கிறோம். எங்க ஆச்சி வீட்டில் பிள்ளை பெத்தவளுக்கும் பிள்ளைக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட ஒரு அம்மா வருவார். வயசு ஆச்சியை விடக் கூட. ஆனாலும் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் வரை "வா, போ"தான். வருவது கொல்லை வாசல் வழியாக. பச்சைப் பிள்ளையின் தலையைக் கையில் கொடுப்பார்கள், குடிக்கத் தண்ணீரைத் தனி டம்ளரில் கொடுப்பார்கள். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று எண்ணெய்க்குப் பழமொழி வைத்த ஊர், அந்த எண்ணெயைத் தேய்த்த கைக்கு என்ன வைத்தது?

ஜெர்மனியில் 1994-ல் வந்த சட்டம், இந்தத் தொழிலுக்குப் படிப்பு, தேர்வு, பட்டம் எல்லாம் வரையறுத்தது. அந்தப் பட்டத்தின் பெயரில் "மருத்துவ பாடெமைஸ்டர்" என்றும் இருக்கிறது. குளியல் வீட்டின் வாசம் பட்டத்தில் இன்னும் போகவில்லை. தேர்வு எழுதாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டால் அபராதம். ஒதுக்கப்பட்ட தொழிலின் பெயர், சட்டம் காவல் காக்கும் பெயராகியிருக்கிறது. அதற்கு 1548-லிருந்து எத்தனை நூற்றாண்டு ஆனது என்பதும் உண்மைதான். நமக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. பேறுகாலம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது, அது நல்லதுதான். ஆனால் அந்த அம்மாக்கள் கையோடு வைத்திருந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை.

வலைப்பதிவு மக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, உங்க தெருவில் பிள்ளை குளிப்பாட்டியவர், சுளுக்கு எடுத்தவர் யாராவது இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். என்ன எண்ணெய், எந்தப் பக்கமாகத் தேய்த்தார், எதைச் செய்யவே கூடாது என்றார் – பதிவாகப் போடுங்கள். அவர் பெயரோடு போடுங்கள், அவர் சம்மதித்தால். முக்கியமாக, "வாங்க, உட்காருங்க" என்று தொடங்குங்கள்.