ஆர்க்காம் ஹவுஸ்

ஆர்க்காம் ஹவுஸ், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சாக் சிட்டி என்னும் சிற்றூரில் 1939-இல் தொடங்கப்பட்ட சிறு பதிப்பகம். அமானுஷ்யப் புனைவுகளை வெளியிட்டுப் பெயர்பெற்றது. நிறுவியவர்கள் ஆகஸ்ட் டெர்லெத், டொனால்ட் வாண்ட்ரி ஆகிய எழுத்தாளர்கள். எச். பி. லவ்கிராஃப்ட் தம் கதைகளில் கற்பனையாகப் படைத்த ஊரின் பெயரையே பதிப்பகத்துக்குச் சூட்டினர்.

1937 மார்ச்சில் லவ்கிராஃப்ட் இறந்தபோது அவருடைய கதைகள் ‘வியர்ட் டேல்ஸ்’ போன்ற மலிவுத்தாள் இதழ்களில் சிதறிக் கிடந்தன. டெர்லெத் அவருடன் பத்தாண்டுக்கும் மேலாகக் கடிதத் தொடர்பு வைத்திருந்தாரேயன்றி ஒருமுறையும் நேரில் பார்த்ததில்லை. வாண்ட்ரியோ 1927-இல் மினசோட்டாவிலிருந்து, வழியில் வந்த வண்டிகளில் ஏறியும் இறங்கியும் பிராவிடன்ஸ் வரை சென்று கண்டுவந்தவர். இருவரும் தொகுத்த கதைகளைப் பெரிய பதிப்பகங்கள் ஏற்க மறுத்தன. தாமே அச்சிடத் துணிந்தனர். டெர்லெத் வீடு கட்ட வாங்கிய வங்கிக் கடனில் ஒரு பகுதி அச்சகத்துக்குப் போயிற்று என்பர்.

முதல் நூலான ‘தி அவுட்சைடர் அண்ட் அதர்ஸ்’ 1,268 படிகள் அச்சாயிற்று. விலை 5 டாலர். முன்பதிவு செய்தோர் 150 பேர் அளவே. அத்தனையும் விற்றுத் தீர ஏறத்தாழ நான்காண்டு ஆனது. 1942-இல் வாண்ட்ரி இராணுவத்தில் சேர்ந்தபின் பதிப்பகச் சுமை முழுவதும் டெர்லெத்தின் தோளில் விழுந்தது.

1945 முதல் 1949 வரையிலான காலமே இப்பதிப்பகத்தின் பொற்காலம். ராபர்ட் பிளாக்கின் முதல் நூல் 1945-இலும், ரே பிராட்பரியின் முதல் நூலான ‘டார்க் கார்னிவல்’ 1947-இலும் இங்கிருந்தே வந்தன. ஃபிரிட்ஸ் லைபரின் முதல் நூலும் அதே 1947-தான். ராபர்ட் ஈ. ஹோவர்ட், வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சன் முதலிய மறைந்த எழுத்தாளர்களின் படைப்புகளும் தடித்த தொகுதிகளாக மீண்டும் அச்சேறின. கறுப்புத் துணிக் கட்டமைப்பு, முதுகில் பொன்னெழுத்து. கடைசிப் பக்கத்தில் எத்தனை படி அச்சிட்டார்கள், எந்த எழுத்துருவில் கோத்தார்கள், என்ன தாள், என்ன துணி என்பதெல்லாம் வரவுசெலவு நோட்டின் கறாரோடு குறித்திருக்கும். கதையைப் படிக்குமுன் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் வாசகர்கள் இன்றும் உண்டு.

இவ்வளவிலும் இலாபம் இல்லை. முதல் பத்தாண்டில் தம் எழுத்து வருமானத்திலிருந்து 25,000 டாலர் போட்டதாக டெர்லெத் பின்னாளில் கணக்குச் சொன்னார். 1948-49-இல் எட்டு இதழ்கள் வந்த ‘ஆர்க்காம் சாம்ப்ளர்’ காலாண்டிதழும் நிலைக்கவில்லை. மருத்துவரும் எழுத்தாளருமான டேவிட் கெல்லர் கொடுத்த 2,500 டாலர் கடன்தான் நிறுவனத்தைக் காப்பாற்றியது.

1950-களில் வெளிவந்த நூல்கள் சொற்பம்.

1964-இல் லிவர்பூலைச் சேர்ந்த பதினெட்டு வயது ராம்சே கேம்பலின் முதல் தொகுப்பு வெளியானது. தாம் பார்த்திராத மாசசூசெட்சை விட்டுவிட்டு இங்கிலாந்தையே கதைக்களமாக்கும்படி அவருக்கு டெர்லெத் எழுதிய அறிவுரை, அவருடைய பதிப்பாசிரியப் பணிக்கு நல்ல சான்று. லவ்கிராஃப்டின் கடிதங்கள் 1965 முதல் 1976 வரை ஐந்து தொகுதிகளாக வந்தன.

டெர்லெத் பற்றிய மதிப்பீடு இருவேறாக உள்ளது. லவ்கிராஃப்டின் சிறு துணுக்குகளைத் தாம் கதைகளாக வளர்த்து, இருவர் பெயரிலும் வெளியிட்டதைப் பலர் குறைகூறுகின்றனர். லவ்கிராஃப்ட் கதைகளின் பதிப்புரிமை உண்மையில் யாரிடம் இருந்தது என்பதும் விவாதத்துக்குரியது. டெர்லெத் அதைத் தம் கையில் இருப்பதாகவே நடத்திவந்தார். அவர் இல்லையேல் அக்கதைகள் நூலாகி நிலைத்திருப்பது ஐயமே என்பதைக் குறைகூறுவோரும் பெரும்பாலும் ஒப்புவர்.

1971 ஜூலை 4-இல் டெர்லெத் காலமானார். வாண்ட்ரிக்கும் டெர்லெத்தின் சொத்துப் பொறுப்பாளர்களுக்கும் இடையே பிணக்கு மூண்டு வழக்கு வரை போனது. அடுத்துப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் டர்னர் அறிவியல் புனைவின் பக்கம் திரும்பினார். லூசியஸ் ஷெப்பர்டின் ‘தி ஜாகுவார் ஹன்ட்டர்’ (1987) உலக மிகுபுனைவு விருது பெற்றது. பழைய வாசகர் சிலருக்கு இத்திருப்பம் உவக்கவில்லை. 1990-களின் பிற்பகுதியில் டர்னர் விலகி, கோல்டன் கிரிஃபன் என்னும் வேறொரு பதிப்பகம் கண்டார்.

நிறுவனத்தை நடத்திவந்த டெர்லெத்தின் மகள் ஏப்ரல் என்பவர் 2011-இல் இறந்தார். அதன்பின் புதிய நூல்கள் அரிதாயின. லவ்கிராஃப்டை இன்று படிப்போர் பெரும்பாலும் பென்குவின் முதலிய பெரிய நிறுவனங்களின் பதிப்புகளிலேயே படிக்கின்றனர். ஆர்க்காம் ஹவுஸின் தொடக்ககால நூல்கள் பழம்புத்தக வணிகர்களிடம் பெருவிலைக்குக் கைமாறுகின்றன.