‘வெறும் 40 கிலோமீட்டர்தானா?’னு கேட்காதீங்க!

ஆனைக்குட்டம் பக்கம் வளர்ந்தவரா நீங்கள்? அப்படியென்றால் மாட்டுவண்டிப் பந்தயத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு எனப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி தூரம் வைப்பார்கள். பூஞ்சிட்டு ஓடுவது குறைந்த தூரம்தான். அதற்காக ரோட்டோரக் கூட்டம் கலைந்துவிடுகிறதா என்ன?

குதிரையிலும் இப்படி ஒரு விளையாட்டு இருக்கிறது. ‘எண்டியூரன்ஸ் ரைடிங்’ என்பார்கள். ரேஸ்கோர்ஸ் மாதிரி இரண்டு நிமிடத்தில் முடியாது. பெரிய போட்டி என்றால் ஒரே நாளில் 160 கி.மீ, ஏறக்குறைய மதுரையிலிருந்து திருநெல்வேலி வரைக்கும்! அதைப் பல சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கால்நடை மருத்துவர் குதிரையைப் பார்ப்பார். இதயத்துடிப்பு குறித்த நேரத்துக்குள் 64-க்கு இறங்க வேண்டும். கொஞ்சம் நொண்டினாலும் அவுட்தான்.

கேரளாவின் நிதா அஞ்சும் செலாட் 2023-ல் பிரான்ஸில் நடந்த இளையோர் உலக சாம்பியன்ஷிப்பில் 120 கி.மீ தூரத்தை முடித்தார். அடுத்த ஆண்டே சீனியர் உலகப் போட்டியில் 160 கி.மீ. நியூஸில் வருவது இந்த நம்பர்கள்தான். ஆனால், யாரும் நேராக அங்கே போய் நிற்க முடியாது. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிப்படி, புதியவர்கள் முதலில் 40, 80 கி.மீ அளவிலான தகுதிச் சுற்றுகளை, வேகத்தை அடக்கி ஓட்டி முடிக்க வேண்டும். குதிரைக்கும் அதே கணக்குதான். அதன் தசை சீக்கிரம் பலம் பெற்றுவிடும். தசைநாரும் எலும்பும் உறுதியாக வருடங்கள் பிடிக்கும். அவசரப்பட்டால் கால் போய்விடும்.

அமெரிக்காவின் ஏ.இ.ஆர்.சி அமைப்பில் 25 முதல் 35 மைல் வரை ‘லிமிடெட் டிஸ்டன்ஸ்’ என்று தனிப்பிரிவே உண்டு. அதில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி இது: கோட்டைத் தாண்டிய நொடியில் கடிகாரம் நிற்காது. குதிரையின் துடிப்பு 60-க்கு இறங்கும்போதுதான் உங்கள் நேரம் முடியும். கடைசி மைலில் வெறித்தனமாக விரட்டினால் நஷ்டம் உங்களுக்கே. குதிரையின் மூச்சைக் கவனித்து ஓட்டும் பழக்கம் இங்கேதான் கைக்கு வருகிறது.

சிலர் கடைசிவரை இந்தத் தூரத்திலேயே இருப்பார்கள். முதுகுவலி, வயதான குதிரை, ஞாயிறு மட்டுமே லீவு... காரணம் எதுவாகவும் இருக்கட்டும். அவர்கள் கட்டும் நுழைவுக் கட்டணத்திலும்தான் மருத்துவர், தண்ணீர், பாதைக்குக் கொடி கட்டும் செலவெல்லாம் நடக்கிறது. சொந்த ரைடு முடிந்ததும் பக்கெட்டோடு நின்று, நெடுந்தூரக் குதிரைகளுக்குத் தண்ணீர் ஊற்ற அவர்களால்தான் முடியும். 160 ஓட்டுகிறவர் அப்போதும் பாதையில்தானே இருப்பார்! இவர்களை ‘அரைகுறை’ என்று ஒதுக்குகிற ஊரில் அடுத்த வருஷம் போட்டி நடத்துவதே கஷ்டம்.

ஆசை வந்துவிட்டதா? முதலில் ரைடிங் ஸ்கூல் குதிரையிடம் துடிப்பு எண்ணப் பழகுங்கள். இடது முன்னங்கால் முழங்கைக்குச் சற்றுப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ‘லப்-டப்’ இரண்டும் சேர்ந்து ஒன்று. 16 வந்தால், 64. ஓய்வில் இருக்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரை வரும். அதைப் போல இரண்டு மடங்கு வந்தால், பெரும்பாலும் நீங்கள் ‘லப்’பையும் ‘டப்’பையும் தனித்தனியாக எண்ணிவிட்டீர்கள்!