புறக்கணிப்புப் போராட்டம்: தென் திருவிதாங்கூர் வரலாறு

கொடுத்துவந்த ஒன்றைக் கூட்டாக நிறுத்திக்கொண்டு எதிர்ப்பைக் காட்டும் அறவழிப் போராட்ட முறை புறக்கணிப்பு. நிறுத்துவது உழைப்பாக இருக்கலாம். வாக்காகவோ கடையில் கொடுக்கும் காசாகவோ இருக்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவட்டாறு 1956 நவம்பர் 1 வரை திருவனந்தபுரத்தின் ஆளுகையில் இருந்ததால், இவ்வட்டாரத்தின் புறக்கணிப்பு வரலாறு திருவிதாங்கூர் வரலாற்றோடு பிணைந்தது.

முதலில் நின்றது வயல் வேலை. வயல் கூலிகளாக இருந்த புலையர் சமூகத்தின் தலைவர் வெங்ஙானூர் அய்யன்காளி 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மேல்சாதியினர் மறுத்தபோது, பிள்ளைகள் படிக்காத ஊரில் பெற்றோர் சேற்றில் இறங்கமாட்டார்கள் என்றார். நிலவுடைமையாளர்கள் தாங்களே நடவுக்கு இறங்கிப் பார்த்தும் பலிக்கவில்லை. வேலையை விட்டவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள்? விழிஞ்ஞம் மீனவர்கள் தங்கள் படகுகளில் அவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பல கிளர்ச்சிகளில் தலைவர்கள் மறந்துவிடும் சோற்றுக் கணக்கு இங்கே முன்கூட்டியே போடப்பட்டிருந்தது.

அடுத்து வந்தது வாக்குப் புறக்கணிப்பு. 1932இல் திருவிதாங்கூர் சட்டசபை, ஸ்ரீமூலம் சபை, ஸ்ரீசித்திரை மன்றம் என இரண்டு அவைகளாகத் திருத்தி அமைக்கப்பட்டது. ஆனால் வாக்குரிமை சொத்தையும் வரியையும் சார்ந்தே இருந்தது. அதனால் நாயர் சமூகத்தின் கையே ஓங்கியது. ஈழவர், கிறித்தவர், இசுலாமியர் தத்தம் தலைத்தொகைக்கேற்ற இடமும் அரசு வேலையும் கேட்டனர். அரசு செவிசாய்க்கவில்லை. மூன்று சமூகத்தாரும் ஒன்றுகூடித் தேர்தலிலிருந்து விலகினர். இதுவே நிவர்த்தனப் போராட்டம்.

சபை என்னவோ கூடத்தான் செய்தது. காலி நாற்காலி எந்த அரசையும் முடக்குவதில்லை. எனினும் ஒன்றுக்கொன்று ஒட்டாதிருந்த சமூகங்கள் ஒரே மேடைக்கு வந்தது புதிது. 1935 மே மாதம் கோழஞ்சேரியில், மன்னரின் ஆலோசகர் சர் சி.பி. இராமசாமி ஐயரைத் தாக்கிப் பேசிய ஈழவர் தலைவர் சி. கேசவன் சிறை சென்றார். 1936இல் அரசுப் பணித் தேர்வுக்கு ஓர் ஆணையர் நியமிக்கப்பட்டார். 1937 தேர்தலில் இம்மூன்று சமூகத்தாரும் போட்டியிட்டுப் பல இடங்களை வென்றனர். அதே கேசவன் 1951இல் திரு-கொச்சி முதலமைச்சரானார்.

இந்தக் கொந்தளிப்பும் ஈழவரிடையே எழுந்த மதமாற்றப் பேச்சும் அரண்மனையை உலுக்கின. 1936 நவம்பர் 12 ஆலயப் பிரவேச அறிவிப்பு, திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் உள்ளிட்ட அரசுக் கோயில்களின் நடையை எல்லா இந்துக்களுக்கும் திறந்தது.

அண்மைக்காலத்தில் புறக்கணிப்பு கடைத்தெருவுக்கு வந்தது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, 2017 மார்ச் 1 முதல் கோகோ கோலா, பெப்சி விற்பதில்லை எனத் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தன. ஆரவாரம் பெரிது, பாட்டில்கள் விரைவில் அலமாரிக்குத் திரும்பிவிட்டன.

வலியவர் எளியவர்மீது ஏவும் ஊர்விலக்கை இந்த வகையில் சேர்க்க முடியாது. கடையில் சாமான் மறுப்பதும் வேலை மறுப்பதும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்தாலும், அது போராட்டமன்று, ஒடுக்குமுறை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர்மீது சமூக அல்லது பொருளாதாரப் புறக்கணிப்பை ஏவுவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தின்படி தண்டனைக்குரிய குற்றம்.