உயிர் மீட்கும் மின்சாரப் பெட்டி

மின்சாரம் கம்பி வழியே நகரத்து வீதிகளுக்கும் வீடுகளுக்கும் வந்து சேர்ந்த காலத்தில், அந்தக் கம்பிகளை இழுத்துக் கட்டவும் பழுது பார்க்கவும் கம்பம் ஏறிய தொழிலாளர்களில் அநேகர், உடலில் பெரிய காயம் ஏதுமின்றியே, தொட்ட க்ஷணத்தில் உயிர் நீங்கி விழுந்தார்கள். இப்படி மாண்டவர்களின் மரணம் எவ்வழியில் நேர்ந்தது என்பது 1920களில் அமெரிக்க மின்சாரக் கம்பெனிகளின் மனத்தை உறுத்திய கேள்வியாயிற்று. அக்கம்பெனிகள் அளித்த பொருளுதவியைக் கொண்டு பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி தொடங்கியவர்களில் முக்கியமானவர் வைத்தியர் அல்லர். வில்லியம் கோவென்ஹோவன் என்னும் மின்சார எஞ்சினியர். இன்று விமான நிலையங்களிலும் காரியாலயங்களிலும், சில வீடுகளிலும்கூட, சுவரில் மாட்டியிருக்கும் டிஃபிப்ரிலேட்டர் என்ற பெட்டியின் சரித்திரத்தை, உயிரைப் பறித்த மின்சாரத்தைப் பற்றிய இந்த விசாரணையிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்று நான் கருதுகிறேன்.

இருதயம் நின்றுவிட்டது என்று நாம் சொல்லும் பல சந்தர்ப்பங்களில் அது உண்மையில் அசைவற்று நிற்பதில்லை. அதன் கீழறைகளின் தசைநார்கள் ஒன்றோடொன்று இசைந்து சுருங்குவதை விட்டுத் தனித்தனியே நடுங்குகின்றன. வடம் பிடித்த நூறு பேரும் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நிலையை விட்டு நகராதிருப்பது போல, அத்தனை தசைநார்களும் ஓயாமல் உழைத்தும் மூளைக்கு ரத்தம் போய்ச் சேருவதில்லை. சில விநாடிகளில் நினைவு தவறுகிறது, சில நிமிஷங்களில் மூளை கெடத் தொடங்குகிறது. திடீர் மரணங்களுக்கு இந்த நடுக்கமே காரணமாயிருக்கலாம் என்று ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்து ஆசிரியர் ஜான் மாக்வில்லியம் 1889இலேயே எழுதினார். பத்து ஆண்டுகள் கழித்து, ஜினீவாவில் ப்ரெவோ, பட்டெல்லி என்னும் இருவர் நாய்களைக் கொண்டு நடத்திய பரிசோதனையில், அற்ப மின்சாரம் நடுக்கத்தை உண்டாக்குவதையும், அதனினும் வலிய மின்சாரம் அந்நடுக்கத்தை அடக்கி இருதயத்தைப் பழைய தாளத்துக்குத் திருப்புவதையும் ஒருங்கே கண்டார்கள். கொல்வதும் மீட்பதும் ஒரே சக்தி என்ற இந்த அபூர்வமான உண்மை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்து, கோவென்ஹோவனும் அவருடைய சகாக்களும் மின் விபத்துக்களை ஆராயப் புகுந்தபோதுதான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது.

மனித இருதயத்தை இம்முறையில் முதன்முதலாக மீட்ட பெருமை கிளீவ்லாந்து நகரத்து அறுவை வைத்தியர் கிளாட் பெக்கைச் சேர்ந்தது. 1947இல், மார்பெலும்பு உட்குழிந்து பிறந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஆபரேஷன் செய்து முடித்துக் காயத்தை மூடும் தறுவாயில் அவனுடைய இருதயம் நின்றது. பெக் மார்பை மீண்டும் திறந்து, இருதயத்தைக் கையால் பிசைந்து பிசைந்து, ஆராய்ச்சிச் சாலையிலிருந்து கருவி வந்து சேரும் வரையில் முக்கால் மணி நேரம் போல உயிரைத் தாங்கிப் பிடித்திருந்தார். கரண்டி வடிவான இரண்டு தகடுகளை இருதயத்தின் இரு பக்கமும் வைத்து, விளக்கெரிக்கும் அதே மின்சாரத்தைச் செலுத்தியதில், முதல் முறை பயனில்லாமற் போய், அடுத்த முறை தாளம் திரும்பிற்று. சிறுவன் பூரண குணமடைந்தான். ஆயினும் திறந்த மார்பும், தேர்ந்த அறுவை வைத்தியரும், ஆஸ்பத்திரியின் உள்ளறையும் ஒருங்கே வாய்த்தாலன்றி இந்த வெற்றி கிட்டாது. உயிர் மீட்கும் வித்தை கைகூடிய பின்னரும், அது தேவைப்படும் மனிதனுக்கும் அதற்கும் இடையே இருந்த தூரம் குறையவில்லை. அந்தத் தூரத்தைக் குறைக்க முயன்றவர்களின் கதையே இதற்குப் பிந்திய சரித்திரம்.

1956இல் பாஸ்டன் நகரத்துப் பால் ஸோல் மார்பைத் திறக்காமலே மின்சாரம் செலுத்தி வெற்றி கண்டார். எழுபது வயதைக் கடந்த கோவென்ஹோவனும் அதே நோக்கத்துடன் உழைத்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆராய்ச்சிச் சாலையில் 1958இல் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம், என் அபிப்பிராயத்தில், யந்திரத்தைக் கண்டுபிடித்ததைவிடப் பெரியது. கை நிக்கர்பாக்கர் என்னும் இளம் எஞ்சினியர், கனமான மின்தகடுகளை நாயின் மார்பில் அழுத்தியபோது, மின்சாரம் இன்னும் பாயாத நிலையிலேயே அதன் ரத்த அழுத்தம் சற்று உயர்ந்ததைக் கவனித்தார். வேறொருவராயிருந்தால் கருவியின் கோளாறென்று ஒதுக்கியிருக்கக்கூடிய அந்த அற்ப அசைவை அவர் விடாமல் பின்தொடர, அறுவை வைத்தியர் ஜேம்ஸ் ஜூடும் துணை சேர, மார்பின் நடுவே கைகளை ஊன்றித் தாளம் தவறாமல் அழுத்தினாலே ரத்தம் ஓடும் என்ற சிகிச்சை பிறந்தது. 1960 ஜூலையில் மூவரும் வெளியிட்ட கட்டுரையில், இதற்கு வேண்டியவை இரண்டு கைகளே என்பதை வற்புறுத்தினார்கள். வைத்தியக் கல்வி பெறாத கோவென்ஹோவனுக்கு அந்தச் சர்வகலாசாலையே 1969இல் கௌரவ வைத்தியப் பட்டம் வழங்கியது.

சுவரிலிருந்து வரும் மாறுமின்சாரத்துக்குப் பதிலாக, ஒரு மின்தேக்கியில் சேமித்த சக்தியை ஒரே வீச்சில் செலுத்துவது இருதயத்துக்குக் குறைந்த தீங்கு செய்யும் என்பதை ரஷ்யாவில் நாவும் குர்விச் 1939 முதலே ஆராய்ந்து வந்தார். 1962இல் பாஸ்டனில் பெர்னார்ட் லௌன் அதை நிலைநாட்டினார். சுவரோடு கட்டுண்டிருந்த யந்திரம் இதனால் பாட்டரியில் இயங்கத் தகுதி பெற்றது.

அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்த பிராங்க் பான்ட்ரிட்ஜ். இவருடைய வாழ்க்கையில் தமிழர் மறக்கவொண்ணாத ஓர் இடம் குறுக்கிடுகிறது. பிரிட்டிஷ் ராணுவ வைத்தியராக இருந்த அவர், 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரின் கைதியாகி, சயாம்-பர்மா ரயில் பாதை போடும் கொடுமையில் அகப்பட்டார். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரமாயிரமாக மடிந்ததும் அதே பாதையில்தான். உணவில் தயமின் சத்து இல்லாமையால் இருதயத்தைத் தாக்கும் பெரிபெரி நோய் அவரைப் பீடித்தது. யுத்தம் முடிந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய அந்த மனிதர், இருதய நோய்களையே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டு, பெல்பாஸ்ட் நகரத்து ராயல் விக்டோரியா ஆஸ்பத்திரியில் நிபுணரானார்.

மாரடைப்பால் இறப்பவர்களில் பெரும்பாலோர் நோய் கண்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இறக்கிறார்கள் என்பதையும், அவர்கள் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதே இல்லை என்பதையும் பான்ட்ரிட்ஜ் கண்டார். ஆஸ்பத்திரிக்குள் எத்தனை சிறந்த பிரிவை அமைத்தாலும் வராதவர்களை அது எப்படிக் காப்பாற்றும்? 1965இல் கார் பாட்டரிகளைக் கொண்டு இயங்கும் டிஃபிப்ரிலேட்டர் ஒன்றை அவர் அமைத்தார். அதன் எடை சுமார் 70 கிலோ. அடுத்த ஜனவரியில் அதை ஆம்புலன்ஸில் ஏற்றி, வைத்தியரையும் தாதியையும் உடனனுப்பி, நோயாளி இருக்கும் இடத்துக்கே சிகிச்சையைக் கொண்டு சென்றார். ஜான் கெட்டஸுடன் சேர்ந்து 1967இல் அவர் லான்செட் பத்திரிகையில் இதன் பலன்களை வெளியிட்டபோது, சொந்த நாட்டு வைத்தியர்களில் பலர் நம்பவில்லை. நியூயார்க்கின் செயின்ட் வின்சென்ட் ஆஸ்பத்திரியோ மறு வருஷமே அந்த முறையைக் கைக்கொண்டது. பான்ட்ரிட்ஜ் ஓயவில்லை. விண்வெளிப் பிரயாணத்துக்காகச் செய்த சிறு மின்தேக்கியைப் பயன்படுத்தி, யந்திரத்தின் எடையைச் சுமார் 3 கிலோவுக்கு இறக்கினார். தீயணைக்கும் கருவி எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இதுவும் இருக்கவேண்டும், எவரும் இதை எடுத்துப் பிரயோகிக்கவேண்டும் என்பது அவர் இடைவிடாது வற்புறுத்திய கொள்கை. அன்று அது துணிச்சலான பேச்சு. ஏனெனில் மின்சாரம் செலுத்தலாமா கூடாதா என்பதை இருதயத்தின் மின் வரைபடத்தைப் படித்துத்தான் நிர்ணயிக்க வேண்டியிருந்தது, அதைப் படிக்கச் சாமானிய ஜனங்களுக்குத் தெரியாது.

அந்தத் தடையை நீக்கியது, வரைபடத்தைத் தானே படித்துக்கொள்ளும் யந்திரம். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தில் ஆர்ச் டயக்கும் அவர் தோழர்களும் இத்தகைய கருவியை அமைத்து 1979இல் அதைப் பற்றி எழுதினார்கள். விரைவில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்து ஆம்புலன்ஸ்களில் அது சோதிக்கப்பட்டது. இன்று நாம் ஏ.இ.டி. என்று சொல்லும் பெட்டி அதன் வழித்தோன்றல். செய்யவேண்டியதை வாய்விட்டுச் சொல்லும் இந்த யந்திரம், மின்சாரத்தால் திருத்தத்தக்க தாளக்கேட்டை இருதயத்தில் கண்டாலொழிய மின்சாரத்தை விடுவிப்பதில்லை. ஆதலால் தவறாகப் பிரயோகித்து ஒருவரைக் கொன்றுவிடுவோமோ என்ற பயம் அநாவசியமானது.

1999இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இக்கருவியை அதுவரை கண்டிராத ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 15 பேரை ஒரு பொம்மை நோயாளியின்முன் நிறுத்தி, அது சொல்வதைச் செய்யச் சொன்னார்கள். பயிற்சி பெற்ற ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்குச் சராசரி 67 விநாடி ஆன காரியத்தைப் பிள்ளைகள் 90 விநாடியில் முடித்துவிட்டார்கள். சிகாகோ நகரத்து விமான நிலையங்களில், எங்கிருந்தும் ஒன்றரை நிமிஷ நடைக்குள் எட்டும்படி பெட்டிகளை மாட்டிவைத்ததில், இரண்டு ஆண்டுகளில் இருதய நடுக்கம் கண்டு விழுந்த 18 பேரில் 11 பேர் மீட்கப்பட்டார்கள். அவர்களில் 6 பேரை மீட்டவர்கள் இக்கருவியில் பயிற்சியோ அனுபவமோ இல்லாதவர்கள். அமெரிக்கச் சூதாட்ட மாளிகைகளின் காவலர்கள் இதைக் கையாண்டபோது, விழுந்த 3 நிமிஷத்துக்குள் மின்சாரம் பெற்றவர்களில் நூற்றுக்கு 74 பேர் பிழைத்து வீடு சென்றார்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷமும், மார்பை அழுத்துவாரும் இல்லையெனில், பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைக்கிறது என்பதை நினைத்தால் இந்தப் பலனின் காரணம் விளங்கும்.

வீட்டின் கதை இவ்வளவு மகிழ்ச்சியானதன்று. 2004இல் அமெரிக்க அரசாங்கம் வைத்தியரின் சீட்டு இல்லாமலே வீட்டு உபயோகத்துக்கு இக்கருவியை விற்க அனுமதித்தது. ஆனால் மாரடைப்பிலிருந்து மீண்ட 7001 பேரைக் கொண்டு நடத்தி 2008இல் வெளியிட்ட பெரிய ஆராய்ச்சியில், பெட்டி வைத்திருந்த குடும்பங்களுக்கும், மார்பை அழுத்தும் பயிற்சி மட்டும் பெற்ற குடும்பங்களுக்கும் இடையே மரண விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை: இங்கே நூற்றுக்கு 6.4, அங்கே 6.5. பெட்டி பிரயோகிக்கப்பட்டவர்கள் 32 பேர். மின்சாரம் பெற்றவர்கள் 14 பேர். பிழைத்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்கள் 4 பேர். வீட்டில் ஒருவர் விழும்போது அருகில் பார்ப்பவர் பல சமயம் இருப்பதில்லை. உறக்கத்திலும் குளியலறையிலும் விழுகிறார்கள். யந்திரம் அலமாரியில் இருந்தும் மனிதன் அருகில் இல்லாதபோது பயன் என்ன? நால்வரின் உயிர் அற்பமென்று நான் சொல்லவில்லை. அந்த நான்கு குடும்பங்களுக்கு அதுவே உலகம். எனினும் பணத்தைச் செலவிடுமுன் வீட்டிலுள்ள யாவரும் கைகளால் அழுத்தும் முறையைக் கற்றுக்கொள்வதே முதற்காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஜனங்கள் நிறைந்த தொழிற்சாலைக்கும் காரியாலயத்துக்கும் கலியாண மண்டபத்துக்கும் நியாயம் வேறு. அங்கே விழுபவரைப் பார்ப்பவர் உண்டு, ஓடி எடுத்துவர ஆள் உண்டு. அத்தகைய இடத்துக்குப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பவர், விலைக்கும் விளம்பரத்துக்கும் முன்பாக, அது பேசும் பாஷை அங்கே உழைப்பவர்களுக்குப் புரியுமா, மாற்றுப் பாட்டரியும் மார்பில் ஒட்டும் பட்டைகளும் உள்ளூரில் தடையின்றிக் கிடைக்குமா, சிறுவர்களுக்கு உரிய ஏற்பாடு உண்டா என்று விசாரிக்கவேண்டும். கற்கவேண்டியது ஒரு பிற்பகலில் முடிந்துவிடும்: ஆம்புலன்ஸுக்குச் சொல்லியனுப்பி, ஈரமிருந்தால் மார்பைத் துடைத்து, ஒரு பட்டையை வலது காறையெலும்பின் கீழும் மற்றொன்றை இடது அக்குளுக்குக் கீழே விலாப்புறத்திலும் ஒட்டி, யந்திரம் சோதிக்கும்போதும் மின்சாரம் விடும்போதும் எவரும் உடலைத் தொடாமல் விலகி, உடனே மறுபடி மார்பில் கை வைத்து, பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டிருக்கவேண்டும். ஆனால் ஒருமுறை கற்றது மாதங்கள் செல்லச் செல்ல மங்கும். பொம்மையின்மேல் மீண்டும் மீண்டும் பழகவேண்டும். பெட்டியை மேலதிகாரியின் அறையில் பூட்டிவைக்காமல், வாயிற்காவலரும் துப்புரவுத் தொழிலாளியும் நித்தியம் கடந்துபோகும் சுவரில் மாட்டுவதென்று தீர்மானித்து, பட்டைகளும் பாட்டரியும் காலாவதியாகும் தேதியை மாதந்தோறும் பார்த்து எழுதிவைக்கும் பொறுப்பை இன்னார் என்று ஒருவர் பெயரில் ஒப்படைத்துவிட்டு, அதன் பின் வாங்கலாம்.