பாயும் மின்பொறியும்

மாலுமி, சுக்கான் என்னும் இரு சொற்களையும் நாம் தமிழ்ச் சொற்களாகவே வழங்கி வருகிறோம். இரண்டும் அரபியிலிருந்து வந்தவை. முன்னதன் மூலம் ‘முஅல்லிம்’. கற்பிப்பவர் என்பது பொருள். காற்றையும் விண்மீனையும் அறிந்து கலம் நடத்தியவரை அரபியர் ஆசிரியரென்றே அழைத்தனர். ஐரோப்பியர் ‘மான்சூன்’ என்பதும் பருவத்தைக் குறிக்கும் ‘மவ்ஸிம்’ என்பதன் திரிபே. குளச்சலும் தேங்காய்ப்பட்டணமும் அப்பாய்மர வாணிகம் கண்ட துறைகள்.

இம்மரபை மாற்றியது எண்ணெய்ப் பொறி. 1952-ல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகியவை செய்த உடன்படிக்கையின்படி, கொல்லத்துக்கு அருகிலுள்ள நீண்டகரையில் 1953-ல் மீன்பிடித் திட்டம் தொடங்கிற்று. நமது குமரிக் கரையும் அன்று அதே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. காலப்போக்கில் நம் வள்ளங்களிலும் எஞ்சின்கள் ஏறின. காற்று ஓய்ந்தாலும் கரைசேரலாம் என்ற உறுதி கிடைத்தது. கூடவே எண்ணெய்ச் செலவும் கடனும் வந்தன.

மின்சாரத்தால் படகு செலுத்துவது புதிதன்று. 1838-லேயே யாக்கோபி என்னும் அறிஞர் ரஷ்யாவின் நேவா ஆற்றில் மின்கலப் படகை ஓட்டிக் காட்டினார். தடையாக நின்றது மின்கலத்தின் எடை. ஒரு லிட்டர் டீசலைக் கொண்டு எஞ்சின் செய்யும் வேலைக்கு, இன்றைய லித்தியம் மின்கலமும் ஏறத்தாழ 20 கிலோ வேண்டும். ஆகவே நெடுந்தொலைவுப் பாய்க்கலங்களில் கலப்பு முறை கைக்கொள்ளப்படுகிறது: நடுக்கடலில் பாய், துறைமுக வாயிலில் மின்பொறி, நெருக்கடிக்கு டீசல் மின்னாக்கி. பாயால் ஓடும்போது நீரின் விசை சுழலியைத் திருப்ப, மின்கலம் நிறைகிறது. அதற்கு ஈடாகக் கலத்தின் வேகம் சற்றுக் குறையும்.

நம் அண்டையிலும் சான்றுகள் உண்டு. 75 பேரைச் சுமக்கும் ‘ஆதித்யா’ என்னும் சூரிய மின்படகு 2017 முதல் வைக்கம்–தவணக்கடவு வழியில் ஓடலாயிற்று. 2023-ல் கொச்சியில் கலப்பு மின்படகுப் போக்குவரத்துத் தொடங்கிற்று. ஆனால் இவை காயல்நீரில் ஓடுபவை. குறித்த கரையில் மின்னேற்றிக் கொள்ளலாம். ஆழ்கடலில் அவ்வசதி ஏது? அங்கே பாயின் துணை இன்றியமையாதது.

தென்மேற்குப் பருவத்தில் நம் கடலைக் கடந்துவரும் காற்றே ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து முப்பந்தலில் மின்சாரமாகிறது. அக்காற்றைக் கலத்திலும் பயன்கொள்ளப் பொறி மட்டும் போதாது. பொறி விலைக்குக் கிடைக்கும். காற்றின் போக்கறிந்து பாய் விரிக்கும் கலையோ கற்றவரிடமிருந்தே வரவேண்டும். அக்கலை வல்ல முதியோர் நம் கரையில் அருகி வருகின்றனர். அவர்கள் வாழும்போதே நம் இளைஞர் அந்த முஅல்லிம்களிடம் பாடம் கேட்பார்களாக!