படகு இன்ஜின் ஏன் காலையில் முரண்டு பிடிக்கிறது? கொஞ்சம் பழங்கதை

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. கடற்கரைப் பிள்ளைகள் பொறுமையாகப் படிப்பீர்கள் என்று தெரியும். வயல்காட்டுப் பிள்ளைகளும் படியுங்கள், கிணற்று மேட்டு ஆயில் இன்ஜினுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

படகுக்குள் பொருத்திய பழைய இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் "பம்பை மாத்து, நாசிலை மாத்து" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பணம் கரைந்துவிடும், இன்ஜின் அப்படியே நிற்கும். இன்ஜினைக் கிளப்ப மனிதர்கள் 130 வருஷத்துக்கு மேலாக என்னென்ன பாடு பட்டார்கள் என்று தெரிந்தாலே கோளாறு பாதி விளங்கிவிடும் என்பது என் எண்ணம். ஸ்டார்ட் செய்ய வந்த ஒவ்வொரு உபாயமும் ஏதோ ஒரு கோளாறுக்கு மருந்தாக வந்ததுதான்.

1886இல் ஜெர்மனியில் டைம்லரும் மேபாக்கும் தங்கள் பெட்ரோல் இன்ஜினை ஒரு படகில் வைத்து நெக்கர் ஆற்றில் ஓட்டினார்கள். வெடித்துவிடும் என்று ஜனங்கள் பயந்ததால், படகைச் சுற்றிக் கம்பியும் பீங்கான் குமிழும் கட்டி, மின்சாரப் படகு மாதிரி காட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையில் ஓடும் வண்டியில் கசிந்தால் காற்றோடு போய்விடும். படகில் கசிந்தால் அடித்தட்டில் போய்த் தங்கும். மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு பொறி பட்டால் போதும். இன்றைக்கும் பெட்ரோல் இன்ஜின் உள்ளே வைத்த படகுகளில் முதலில் காற்றாடியைப் போட்டு ஆவியை வெளியேற்றிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார்கள்.

அதனால் மீனவருக்கு வேண்டியிருந்தது, எளிதில் ஆவியாகாத எண்ணெயில் ஓடும் இன்ஜின். 1890இல் இங்கிலாந்தில் ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் அதற்குக் காப்புரிமை வாங்கினார். கிராந்தம் ஊரில் ஹார்ன்ஸ்பி கம்பெனி அதைச் செய்து விற்றது. பிறகு ஸ்வீடனின் போலிண்டர் போன்றவர்கள் அந்த வகை இன்ஜினைப் படகுக்கேற்றபடி செய்தார்கள். நார்வே, டென்மார்க் கரையோரம் முழுக்க அதன் 'டொங்க் டொங்க்' சத்தம்தான்.

அதன் தலையில் இரும்பில் ஒரு குமிழ் இருக்கும். காலையில் மண்ணெண்ணெய் ஊதுவிளக்கைப் பற்றவைத்து, குமிழ் மங்கலாகச் சிவக்கும்வரை சூடாக்க வேண்டும். பத்து நிமிஷம் ஆகலாம், குளிர்நாளில் இன்னும் கூடும். பிறகு கையால் ஒரு தடவை எண்ணெய் அடித்து, கனத்த பிளைவீலைத் தொட்டில் ஆட்டுவதுபோல் இப்படியும் அப்படியும் ஆட்டி, ஒரு பக்கமாக வெடுக்கென்று இழுத்துவிட வேண்டும். குமிழில் சூடு போதாவிட்டால் இன்ஜின் வாய் திறக்காது. நேரம் தவறித் தீப்பிடித்தாலோ பிளைவீல் எதிர்ப்பக்கம் உதைக்கும், கையை எடுக்கப் பிந்தினால் எலும்பு போகும். இன்னொரு வேடிக்கை, இந்த இன்ஜின் எந்தப் பக்கமும் சுற்றும். கவனிக்காமல் கியர் போட்டால் படகு பின்னால் போகும்! மெதுவாக நெடுநேரம் ஓடவிட்டால் குமிழ் ஆறி, இன்ஜின் தானாக நின்றுவிடும். மரப்படகின் வயிற்றுக்குள் தினமும் தீயைக் கொளுத்தி ஒரு மனிதன் குந்தியிருந்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அலை பாறைப் பக்கம் தள்ளும்போது இன்ஜின் நின்றால், அந்தப் பத்து நிமிஷம்தான் உயிருக்கும் சாவுக்கும் இடையே இருந்தது.

ஊதுவிளக்கே வேண்டாம், காற்றை அழுத்தும் சூடே எண்ணெயைப் பற்றவைக்கும் என்று செய்து காட்டியவர் ருடால்ஃப் டீசல். 1897இல் அவருடைய இன்ஜின் சோதனையில் தேறியது. எட்டாம் வகுப்பில் சைக்கிள் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டு "சுடுது சார்" என்றீர்களே, அதேதான். காற்றைப் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று நெருக்கினால் சூடு 500 டிகிரியைத் தாண்டும். ஆனால் டீசலின் முதல் இன்ஜின்களில் எண்ணெயை உள்ளே ஊதித் தள்ளத் தனியாக ஒரு காற்று அழுத்தும் இயந்திரம் தேவைப்பட்டது. சின்னப் படகில் அதற்கு இடம் ஏது? 1927இல் பாஷ் கம்பெனி எண்ணெய் அடிக்கும் பம்பைப் பெருமளவில் செய்யத் தொடங்கிய பிறகுதான் வழி திறந்தது. 1933இல் ஜப்பானில் யன்மார் சின்ன டீசல் இன்ஜினைக் கொண்டுவந்தது.

நம் பக்கத்துக்கு இது வந்த கதையும் சுவையானது. 1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐ.நா. சபையும் ஒப்பந்தம் போட்டு, அடுத்த வருஷம் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மீன்பிடித் திட்டத்தைத் தொடங்கின. அப்போது நம் கன்னியாகுமரிப் பகுதியும் அதே திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில்தான் இருந்தது. முதலில் இருக்கிற வள்ளங்களிலேயே இன்ஜின் வைத்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. பிறகு 22 அடி, 25 அடியில் புதுப்படகு கட்டி உள்ளே டீசல் இன்ஜின் வைத்தார்கள். 1963க்குப் பின் அந்தத் திட்டம் மண்டபம் வரை வந்தது.

சின்ன டீசல் இன்ஜினைக் கையால் சுற்றுவதற்கு ஒரு தந்திரம் உண்டு. மேலே இருக்கும் சின்ன லீவரைத் தூக்கினால் வால்வு திறந்தே இருக்கும், காற்று நெருங்காது, ஹேண்டில் லேசாகச் சுற்றும். வேகம் பிடித்ததும் லீவரைப் படக்கென்று விட வேண்டும். ஆயில் இன்ஜின் ஓட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். வேகம்தான் இங்கே முக்கியம். மெதுவாகச் சுற்றினால் அழுத்திய காற்றின் சூட்டைக் குளிர்ந்த இரும்பு குடித்துவிடும். பிறகு பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் வந்தன. கை தப்பித்தது. ஆனால் கை இருந்தபோது "இன்றைக்கு லேசாகச் சுற்றுகிறதே, அழுத்தம் குறைந்துவிட்டது" என்று தோளுக்கே தெரிந்தது. பட்டனுக்கு அது தெரியாது.

இப்போது கோளாறுக்கு வருவோம். சில மாதம் முன்பு பழைய மாணவன் ஒருவன், பழைய படகு ஒன்று வாங்கியவன், இதையேதான் கேட்டான். அவனுக்குச் சொன்னது இது. முதலில் வேகத்தைப் பார். சோம்பலாகச் சுற்றினால் இன்ஜினைத் தொடாதே. பேட்டரி முனையில் பூத்திருக்கும் பச்சையையும் வெள்ளையையும் சுரண்டி இறுக்கு. உப்புக்காற்றில் பாதி நோய் அங்கேதான். எர்த் வயரை மறந்துவிடாதே. நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா, புகைக்குழாயைப் பார். புகையே இல்லையென்றால் டீசல் உள்ளே போகவில்லை. ஸ்டாப் கம்பி இழுத்தபடியே இருக்கிறதா என்று முதலில் பார். சிரிக்காதீர்கள், நடக்கும். அப்புறம் பில்டர் மேலுள்ள ஸ்குரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை ஏர் எடு. தினமும் காலையில் ஏர் பிடிக்கிறதென்றால் இரவில் எங்கோ ஒரு வாஷர் வழியாகக் காற்று நுழைகிறது. வாஷர் ஒரு சில ரூபாய், அதற்காகப் பம்பை மாற்றுவது அநியாயம்.

வெள்ளைப்புகை வந்தும் பிடிக்கவில்லையென்றால் பெரும்பாலும் டீசல் போகிறது, சூடு போதவில்லை என்று அர்த்தம். அப்போது காற்று போகும் வழியில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் மட்டும் விட்டுப் பார்ப்பது பழைய பழக்கம். அதில் பிடித்துக்கொண்டால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஈதர் அடிக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. கண்ட நேரத்தில் வெடித்து, ரிங்கையே உடைத்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். குளிர்விக்கும் கடல்தண்ணீரைப் புகைக்குழாயிலேயே கலந்து விடுகிற இன்ஜின் என்றால், திரும்பத் திரும்பச் செல்ஃப் அடிக்கும்போது தண்ணீர் வரும் வால்வை மூடிவிடு. இன்ஜின் ஓடாதவரை தண்ணீரை வெளியே தள்ளப் புகை இருக்காது. சைலன்சர் நிரம்பி, தண்ணீர் திரும்பி சிலிண்டருக்குள் ஏறும். தண்ணீர் நெருங்காது, ராடுதான் வளையும். இன்ஜின் பிடித்த உடனே வால்வைத் திறக்கவும் மறக்காதே.

அவன் படகில் கடைசியில் பில்டர் கிண்ணத்துக்கு அடியில் இருந்த வாஷர்தான் கோளாறு.

நீண்டகரையிலோ மண்டபத்திலோ அந்தக் காலத்துப் படகில் வேலை பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டு எழுதுங்கள் மக்களே. பழைய இன்ஜின் படம் இருந்தால் கீழே போடுங்கள், எந்தக் கம்பெனி என்று சேர்ந்து கண்டுபிடிப்போம்.